சட்டைக்கையில் வடிந்த நீர்

நான் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை.

குடிப்பதுபோல் காட்டினேன். இரு கைகளையும் குவித்து, முல்லையாற்றின் புதுத்தண்ணீரை அள்ளி, உதடுவரை கொண்டுசென்று, விரல் இடுக்குகளின் வழியே அதைச் சட்டைக்கைக்குள் வடியவிட்டேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஆறு வயதான என் ஒரே மகளும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் குடித்தாள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல நான் கடமைப்பட்டிருந்தது ஒருத்திக்குத்தான், என் மனைவி வேலம்மாளுக்கு. நாற்பது நாட்களுக்கு முன் அவளும் போய்விட்டாள். ஆகவே உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்... அதுவும் என் குணத்தைச் சேர்ந்ததே.

யுத்தம் முடிந்தும் காகிதம் கிடைப்பது அரிதாக இருக்கிறது. நிலத்தின் ஏற்றத்தாழ்வை அளந்து எழுதுவதற்காக நான் முன்பு வைத்திருந்த மட்டக் குறிப்பேட்டில் சில பக்கங்கள் வெறுமையாக உள்ளன. அவற்றில்தான் இதை எழுதுகிறேன். பக்கத்தைப் புரட்டினால் அந்தத் தவறான அளவு இன்னும் என் கையெழுத்தில் இருக்கிறது.

ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில், மேற்கு மலையின் நிழல் பிற்பகலிலேயே வந்து விழுகிற ஆற்றங்கரை ஊர்களில் ஒன்று என்று மட்டும் கொள்ளுங்கள். மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை இறக்கும் வண்டிகளுக்கு ஒரு பேட்டை, ஒரு வாரச்சந்தை, ஒரு நீண்ட கடைத்தெரு. மழை பெய்தால் இம்மூன்றின் அழுக்கும் ஒரே சரிவில் ஆற்றை நோக்கி இறங்கும். சாணம், அழுகிய காய், கடைக்கழிவு, சந்துகளில் மனிதர் ஒதுங்கிய இடங்களின் மிச்சம்... எல்லாம். அது ஆற்றில் கலக்கும் இடமோ, பெண்கள் குடிநீர் எடுக்கும் படித்துறைக்குச் சற்று மேலே!

சென்னையில் பொறியியல் கற்றுத் திரும்பிய இளமையில், இதற்கு வழி கண்டவன் நான்.

மழையின் முதல் தண்ணீர்தான் தெருவைக் கழுவிக்கொண்டு வருவது. அரை மணி கழித்து வருவது ஏறக்குறைய நல்ல நீர். ஆகவே முதல் நீரை மட்டும் ஊருக்கு வெளியே இருந்த தரிசு நிலத்துக்குத் திருப்பிவிட்டால் போதும் என்று திட்டம் வரைந்தேன். வாய்க்கால் ஆற்றைத் தொடும் முன் ஒரு கல் வரம்பு கட்டினோம். வரம்புக்கு முன்னால், அதைவிட ஒரு சாண் தாழ்வாக, தரிசை நோக்கி ஒரு கிளை வாய்க்கால். அதன் வாயில் ஒரு மடைப்பலகை. மழை தொடங்கியதும் பலகையைத் தூக்க வேண்டும், அழுக்கு நீர் தாழ்வான கிளைக்குள் போய்விடும். பிறகு பலகையை இறக்கினால், பின்னால் வரும் நீர் உயர்ந்து வரம்பைத் தாண்டி ஆற்றில் சேரும். இவ்வளவே.

மேலதிகாரிகள் பாராட்டினார்கள். வேறு ஊர்களிலும் அதேபோல் கட்டினார்கள். என் பெயரோடு சேர்த்து அந்தப் பலகையைப் பேசினார்கள்.

பல ஆண்டுகள் வெளியூர்களில் பணிபுரிந்துவிட்டு, யுத்தத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, மாற்றலாகி அந்த ஊருக்கே திரும்பினேன். வேலம்மாளுக்கு மகிழ்ச்சி. அவள் பிறந்த அனுமந்தன்பட்டி பக்கத்தில்தான் இருந்தது. பதினான்கு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற எங்கள் மகள் பாக்கியத்தை, அவளுடைய தாய்வீட்டார் தோளிலிருந்து இறக்காமல் வளர்த்தார்கள்.

பாக்கியத்துக்கு ஆறு வயதான ஆண்டு பங்குனியில், கீழ்ப்பக்கத்துச் சந்தைகளில் வாந்திபேதி என்று செய்தி வந்தது. ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவர் அரிசி வியாபாரம் செய்த ஒரு ராவுத்தர். கண்ணியமானவர். படித்துறைத் தண்ணீர் பாதுகாப்பானதா, அல்லது ஆற்றுக்கு மேற்புறத்தில் கிணறு வெட்டிப் படித்துறையை மூடிவிடலாமா என்று முடிவெடுக்க விரும்பினார். ஊரின் மழைநீர் வாய்க்கால் முழுவதையும் சோதித்து அறிக்கை தரும்படி என்னைக் கேட்டார்.

என் வேலையை நானே சோதிக்க வேண்டும்! வேறொருவரை அழையுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெருமையாக இருந்தது.

பேட்டையில் தொடங்கி வாய்க்காலின் ஓரமாகவே நடந்தேன். கல் பெயர்ந்த இடங்களைக் குறித்தேன். சந்தைக்கு எதிரில் வண்டல் குழி தூர்ந்திருந்ததைக் குறித்தேன். எல்லாம் சில்லறைக் குறைகள். கடைசியாக மடைப்பலகைக்கு வந்தேன். மழை இல்லாத மாதம். ஆகவே தெருவுக்குத் தண்ணீர் தெளிக்கும் பீப்பாய் வண்டியை வரவழைத்து, செங்கல் பொடியைக் கலந்து, வாய்க்காலுக்குள் திறந்துவிடச் செய்தேன். தண்ணீர் போகும் வழி கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

வண்டிக்காரன் மேலே தெருவிலேயே நின்றுவிட்டான். பலகைக்கு அருகில் நானும் வாய்க்கால் காவலாள் வீரணனும் மட்டும் இருந்தோம். அவன் கடமலைக்குண்டிலிருந்து வந்து அங்கே நிலைத்தவன். தூர் வாருவதும் மழைக்குப் பலகை தூக்குவதும் அவன் வேலை. அன்றும் பலகையை முழு உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தான்.

சிவந்த நீர் வந்தது. பிரியும் இடத்தில் ஒரு கணம் தேங்கிற்று. கிளை வாய்க்காலின் வாயை நனைத்தது... தயங்கிற்று... திரும்பிற்று. கல் வரம்பைத் தாண்டி ஆற்றுப் பக்கம் அமைதியாக இறங்கிற்று.

ஒரு சொட்டுகூடத் தரிசுக்குப் போகவில்லை!

வெயில் பிடரியில் அடித்தது. வீரணன்தான் பேசினான்.

“பலகைக்கு எண்ணெ போடச் சொன்னாக, வருசந்தவறாமப் போடுறேன். தண்ணிக்குத்தேன் யாரும் சொல்லாம விட்டுட்டாக போல.”

எப்போதும் இப்படித்தானா என்று கேட்டேன். சிறு மழைக்கு எப்போதும் இப்படித்தான் என்றான். பெருமழையில் நீர் உயர்ந்து இரு பக்கமும் ஓடுவதால் பார்ப்பவர்க்கு வித்தியாசம் தெரியாதாம். ஏன் இத்தனை ஆண்டுகள் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான்.

“படிச்சவுக வச்ச மட்டம்யா. நான் சொன்னா, தண்ணியவா நம்புவாக, ஒங்களையா?”

அன்று வீட்டுக்கு வந்ததும் பழைய மட்டக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். காரணம் தெரிய அதிக நேரம் ஆகவில்லை. கல் வரம்புக்கும் கிளை வாய்க்காலுக்கும் உரிய உயரங்களை, படித்துறை மண்டபத்தின் அடிப்படிக் கல்லை ஆதாரமாக வைத்தே கணக்கிட்டிருந்தேன். வரம்பின் உயரத்தை ஒருநாள் குறித்தேன். கிளையின் உயரத்தை எட்டு நாள் கழித்துக் குறித்தேன். அந்த எட்டு நாட்களுக்குள் மண்டபத்தில் கும்பாபிஷேகத் திருப்பணி நடந்தது. அடிப்படிக் கல்லைப் பெயர்த்து, கீழே புதுச் சுண்ணாம்புப் படுகை இட்டு, ஒரு சாணுக்கும் மேலாக உயர்த்திப் பதித்திருந்தார்கள். தாழ்ந்திருக்க வேண்டிய கிளையின் வாய், அதனால் வரம்பைவிடச் சற்று உயர்ந்து நின்றது.

எனக்கு அது தெரியாதா? யாரும் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் இரண்டாம் முறை போனபோது ஈரச் சுண்ணாம்பு என் செருப்பில் ஒட்டியது. துடைத்தேன். அளவை மீண்டும் எடுக்கவில்லை. செருப்பைத் துடைத்த அந்த நிமிடம் இன்றும் என் கையில் இருக்கிறது.

நீங்கள் கேட்பீர்கள்: பிழை மனித இயல்பு, அதை எழுதியிருந்தால் என்ன? கிளை வாய்க்காலை ஆழப்படுத்த நான்கைந்து நாள் வேலை. அறிக்கையில் இரண்டு வாக்கியம்.

அந்த இரண்டு வாக்கியத்தை நான் எழுதிப் பார்த்தேன். எழுதியதும், அதே பலகையைக் கட்டிய மற்ற ஊர்கள் என் கண்முன் வந்தன. பாராட்டியவர்களின் முகங்கள் வந்தன. கிழித்தேன். மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் நானே சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று எனக்கு நானே வாக்குக் கொடுத்துக்கொண்டு, வேறொன்று எழுதினேன். முதல் மழைநீர் திட்டப்படியே தரிசு நிலத்துக்குத் திருப்பப்படுகிறது, படித்துறை நீர் மாசுபட வழியில்லை, கிணறு அவசியமில்லை.

தலைவர் அதை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

“நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும், இன்ஜினியரய்யா. நாங்க கண்ண மூடிக்கிட்டுக் குடிப்போம்.”

கிணற்றுத் திட்டம் கைவிடப்பட்டது.

சத்தமில்லாமல் சரிசெய்வது எவ்வளவு கடினம் என்பது பிறகுதான் புரிந்தது. ஆள் வைத்துத் தோண்ட அனுமதி வேண்டும். அனுமதிக்குக் காரணம் வேண்டும். குறையே இல்லை என்று எழுதிக் கொடுத்தவன் எந்தக் காரணத்தைச் சொல்வது? சித்திரை போயிற்று. வைகாசி போயிற்று. நாள்தோறும் மேற்கு மலையின் மேல் மேகம் கட்டுகிறதா என்று பார்த்தேன். குடையோடு யாரைக் கண்டாலும் வானத்தை அண்ணாந்து பார்த்தேன்.

இந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் முதல் போகத்துக்கு அணையிலிருந்து தண்ணீர் திறந்து, அது ஆற்றில் வந்து சேரும் நாளில், மக்கள் படித்துறைக்குத் திரண்டு வருவார்கள். பூத் தூவுவார்கள். புதுத்தண்ணீரில் ஒரு கை அள்ளிக் குடிப்பார்கள். குழந்தைகளுக்குக் கட்டாயம் கொடுப்பார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கி வந்தால் இன்னும் மகிழ்ச்சி. புதுத்தண்ணீரின் நிறமே அதுதான் என்பது அவர்கள் நம்பிக்கை.

ஆனி பிறந்ததும் தண்ணீர் திறந்தார்கள். அது ஊரை வந்தடைவதற்கு முந்திய மாலையில், கடைத்தெருவின் மேல் ஒரு சிறு மழை பெய்தது. அரை மணி நேரம்கூட இல்லை. அன்று சந்தை நாள். சந்தையும் பேட்டையும் நிறைந்திருந்தன.

சிறு மழை! வீரணன் சொன்ன சிறு மழை...

காலையில் படித்துறைக்குப் போனேன். அணை நீரின் நிறம் எனக்குத் தெரியும், அது சற்றே பச்சை கலந்தது. படித்துறை ஓரமாக மட்டும், வாய்க்காலிலிருந்து இன்னும் வடிந்துகொண்டிருந்த நீரால், செம்பழுப்பாக ஒரு பட்டை ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் வைக்கோல் துண்டுகள் மிதந்தன. நான் நின்றது மண்டபத்தின் அடிப்படிக் கல்லின்மேல். அதே கல்லின்மேல்!

தலைவர் கூட்டத்தை விலக்கி என்னை முன்னால் அழைத்தார். தண்ணீருக்கு நற்சாட்சி கொடுத்தவர் முதல் கை அள்ளட்டும் என்று அவர் சொன்னதும் எல்லாரும் ஆமோதித்தார்கள். குனிந்தேன். அள்ளினேன். பேட்டையின் வாடை வந்தது. வந்ததா, வந்ததாக எனக்குத் தோன்றியதா? தெரியாது. உதட்டை இறுக மூடிக்கொண்டு கையை உயர்த்தினேன். நீர் முழங்கைவரை வடிந்தது. தொண்டையை ஒருமுறை அசைத்தேன். கூட்டம் மகிழ்ந்தது.

வேலம்மாள் அருகில் வந்து முந்தானையால் என் சட்டைக்கையைத் துடைத்தாள்.

“குடிச்சதவிட சட்டையில வடிஞ்சதுதேன் சாஸ்தி. சின்னப்புள்ள தோத்துப்போகும்.”

அவளைச் சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாக்கியம் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா குடிச்சிட்டாக. அடுத்தது நானு.”

வேலம்மாள் குனிந்து அள்ளினாள். அள்ளிய கையைப் பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ரொம்பக் கலங்கலா இருக்கே. குடிக்கலாமாங்க?”

எனக்குப் பின்னால் தலைவர் நின்றார். சற்றுத் தள்ளி, வாய்க்கால் மேட்டில், வீரணன் நின்றான். அவன் படித்துறைக்கு இறங்கவேயில்லை.

“குடிக்கலாம்” என்றேன்.

அந்தத் தண்ணீரில் நோய் இருக்கிறதென்று எனக்கு உறுதியாகத் தெரியுமா? தெரியாது. தெரிந்திருந்தால் தட்டிவிட்டிருப்பேன். எந்தத் தகப்பன் விடுவான்? இந்த வாதத்தை ஆயிரம் முறை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆயிரம் முறையும் அது ஒரே இடத்தில் உடைகிறது. விழுங்காமல் இருக்கும் அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தது. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லும் அளவுக்கு மட்டும் தெரியவில்லையா?

மூன்றாம் நாள் விடியலில் பாக்கியத்துக்கு வாந்தி கண்டது. அன்று மாலை சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் இயலாது. படித்துறைத் தெருவில் வேறு வீடுகளிலும் அழுகை கேட்டது. எத்தனை வீடுகள் என்று எழுதமாட்டேன். எழுதினால் அது ஓர் எண்ணாகிவிடும்.

மறுநாளே படித்துறையை மூடச் சொன்னேன். அதற்கு நான் எழுதிய காரணம், வெளியூர்ச் சந்தைக் கூட்டம். அப்போதும் உண்மையை எழுதவில்லை!

சுகாதார வைத்தியர் ஒருவர் வந்து வீடுவீடாக விசாரித்தார். எங்கள் வீட்டில், குடித்த தண்ணீர் எது என்றுதான் முதலில் கேட்டார். உடன் வந்திருந்த தலைவர், நல்லெண்ணத்தோடு, என் அறிக்கையை எடுத்துக் காட்டினார். வைத்தியர் படித்தார். தலையசைத்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். தண்ணீர் என்ற கேள்வி அத்தோடு முடிந்தது. அடுத்த கேள்விக்குப் போனார்: வெளியில் வாங்கி எதையாவது தின்றதா குழந்தை?

வேலம்மாள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெடுநேரம் யோசித்தாள். அவள் யோசிப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எதையேனும் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று என்னுள் ஏதோ ஒன்று வேண்டிக்கொண்டதையும் ஒப்புக்கொள்கிறேன்.

“சந்தையில வெள்ளரிக்கா வாங்கிக் குடுத்தேன். வேணாம்னுதேன் சொன்னா. நாந்தேன் வெயிலுக்கு நல்லதுன்னு ஊட்டிவிட்டேன்.”

வைத்தியர் அதைக் குறித்துக்கொண்டார்.

இதுதான் என் குற்றம். பிழையான மட்டம் அன்று, பொய்யறிக்கையும் அன்று, வடியவிட்ட ஒரு கை நீர்கூட அன்று. அந்த வெள்ளரிக்காய்! அதை அவள் கையிலிருந்து நான் வாங்கியிருக்க வேண்டும். ஒரே வாக்கியத்தில் வாங்கியிருக்கலாம். வாங்காமல், ‘உன் மேல் தவறில்லை’ என்று ஆறுதல் சொன்னேன். ஆறுதல்! எவருடைய தவறு என்று தெரிந்தவன் சொல்லும் ஆறுதல்.

அதன்பின் அவள் வெள்ளரிக்காயைத் தொட்டதில்லை. தெருவில் கூவி விற்பவள் குரல் கேட்டால், செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். குரல் தேய்ந்த பிறகு வெளியே வருவாள். நான் செய்தித்தாளை விரித்தபடி உட்கார்ந்திருப்பேன். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த கோடையில், தூர் வாருவதாகக் காட்டி, கிளை வாய்க்காலை ஆழப்படுத்தினேன். பாக்கியத்தின் மரணத்துக்குப் பிறகு என்னிடம் காரணம் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. அதையும் பயன்படுத்திக்கொண்டேன். தோண்டியவன் வீரணன். கடைசி நாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, என் முகத்தைப் பாராமல் சொன்னான்.

“இந்த வெட்டு போன வருசப் பங்குனியில விழுந்திருக்கணும்யா.”

அவ்வளவுதான். அதன்பின் அவன் இறக்கும்வரை, என்னை எங்கே கண்டாலும் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வான். அந்த மரியாதையைத் தாங்குவது எளிதாக இருக்கவில்லை.

இன்று நீங்கள் மட்டக் கருவியோடு அந்த ஊருக்குப் போனால் ஒரு குறையும் காணமாட்டீர்கள். சிறு மழையும் முறையாகத் தரிசுக்குப் போகிறது. வேலை மிக நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்வீர்கள். சான்றுகள் எல்லாவற்றையும் நான் சரிசெய்துவிட்டேன். மிஞ்சியிருப்பது இந்தக் குறிப்பேடும் நானும்.

வீட்டில் குடிநீரைக் கொதிக்கவைக்க வேண்டும் என்று அப்போதிருந்தே நான் கட்டளையிட்டிருந்தேன். ஒருநாள் அடுப்பின் முன்னால் அமர்ந்து வேலம்மாள் கேட்டாள்: ஊருக்கு நல்ல தண்ணீர் என்று எழுதிக் கொடுத்தவர், வீட்டில் மட்டும் ஏன் கொதிக்கவைக்கச் சொல்கிறீர்கள்? வேடிக்கையாகத்தான் கேட்டாள். நான் செய்தித்தாளைப் புரட்டினேன். அவள் பானையைப் பார்த்தபடி விறகைத் தள்ளிவிட்டாள். பிறகு அதைப் பற்றி ஒருபோதும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

இரண்டு மாதங்களுக்கு முன் அவள் படுத்தாள். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டதாக வைத்தியர் கூறினார். கடைசி நாள் நண்பகல், அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவள் கண்ணைத் திறந்தாள். குரல் தெளிவாகவே இருந்தது.

“அங்கன போனதும் பாக்கியம் கேப்பாளே. என்னங்க சொல்லட்டும்? வெள்ளரிக்காதேன்னு சொல்லவா?”

என் வாய் திறந்தது. அந்த வாக்கியம் நாக்கின் மேல் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கேயே இருந்தது... உங்களிடம் இதோ இத்தனை எளிதாகச் சொல்லிவிட்டேனே, அதே வாக்கியம்தான்.

அதைச் சொல்லாமல், பக்கத்திலிருந்த தம்ளரை எடுத்து அவள் உதட்டருகே கொண்டுபோனேன். நா வறண்டிருக்கும், கொஞ்சம் தண்ணீர் குடி என்றேன்.

அவள் தம்ளரைப் பார்த்தாள். விரலால் மெல்ல என் சட்டைக்கையைப் பற்றினாள்.

“நீங்க மொதல்ல குடிங்க.”

குடித்தேன். ஒரு வாய். விழுங்கினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் உள்ளே இறங்குவதைப் பார்த்த பிறகு, வாயைத் திறந்தாள்.

அன்பினால் சொன்னாளா? பகலெல்லாம் நான் தண்ணீர் அருந்தவில்லை என்பதைக் கவனித்துச் சொன்னாளா? அப்படிச் சொல்லக்கூடியவள்தான். அல்லது, அந்தச் சட்டையைத் துடைத்த காலையிலேயே அவளுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால், அந்த வெள்ளரிக்காயை அத்தனை ஆண்டுகளும் அவள் யாருக்காகச் சுமந்தாள்?

கேட்கலாம் என்று வாய் திறப்பதற்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மாலையில் மூச்சு நின்றது.

இப்போது வீட்டில் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஆளில்லை. நானே வைக்கிறேன். ஆறவைக்கிறேன். தம்ளரில் ஊற்றுகிறேன். ஒவ்வொரு முறையும், விழுங்குவதற்கு முன்னால், என் தொண்டையை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.